கறுப்பு வெள்ளை வேண்டாம் தம்பி

ஜூலை 31, வியாழன்

எழும்பூரில் இறங்கும்போது மணி ஐந்தேகால். ஆட்டோ பிடிப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சென்னையில் வேர்ப்பதற்கு வெயில்கூடத் தேவையில்லை.

மதுரையில் எனக்குச் சின்னதாக ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, நடுவில் பாஸ்போர்ட் படம். ஓட்டேரியில் இருக்கும் நண்பன் போன மாதம் கூப்பிட்டான். அவன் தெருவை ஒட்டிய சந்தில் ஒரு டீக்கடை, பக்கத்தில் ஒரு வேப்பமரம், மரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஓர் அம்மன். முப்பது வருஷத்துக்கு மேலாகத் திருநங்கைகள் கூடுகிற இடம் அது. காலையில் கடை கேட்க, அதாவது கடை கடையாகப் போய்க் காசு வாங்க, கிளம்புகிறவர்கள் அங்கே டீ குடித்துவிட்டுத்தான் போவார்கள். சாயங்காலம் சண்டையும் பஞ்சாயத்தும் அங்கேதான். எதிரே ஒரு பழைய கிடங்கின் நீளமான சுவர். அந்தச் சுவரில் அவர்களுடைய முகங்களைப் பெரிதாக ஒட்டலாம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். "நீ வந்து லைட் போட்டுக் குடு, சோறு நான் போடறேன்" என்றான். ஆடியில் கல்யாணம் கிடையாது, ஸ்டூடியோவில் ஈ ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். கிளம்பிவிட்டேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரயிலில் கைதட்டும் சத்தம் கேட்டால் கண்ணை மூடித் தூங்குவதுபோல நடிக்கிற ஆள் நான். நேற்று ராத்திரி திண்டுக்கல் தாண்டியும் அதைத்தான் செய்தேன்.

ஓட்டேரி முழுக்க மெட்ரோ வேலை நடக்கிறது. தெருவை இரும்புத் தகடு வைத்து அடைத்திருக்கிறார்கள், ஆட்டோக்காரர் மூன்று இடத்தில் சுற்றிவிட்டு 220 ரூபாய் கேட்டார். கொடுத்தேன். காலையில் முதல் சண்டை போட மனசில்லை.

டீக்கடைக்குப் போனபோது ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, வெற்றிலை வாய், பெரிய பொட்டு. எல்லோரும் அவரைப் பெரியம்மா என்கிறார்கள். சின்னப் பெண்கள் வந்ததும் குனிந்து 'பாம்படுத்தி' சொல்கிறார்கள், அவர் தலையில் கை வைக்கிறார். நான் எப்படி வணக்கம் சொல்வது என்று குழம்பிக் கையைக் கூப்பினேன்.

"மதுரையா? ஜிகர்தண்டா வாங்கினு வரலையா?" என்றார் பெரியம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். டீ வந்தது. எனக்குக் காசு கேட்கவில்லை, அது யார் கணக்கில் போனது என்று கடைசிவரை தெரியவில்லை.

சுவரைப் போய்ப் பார்த்தேன். காரை உதிர்ந்திருந்தாலும் பரவாயில்லை, நிற்கும். நடுவில் கொட்டை எழுத்தில் 'விளம்பரம் செய்யாதீர்' என்று எழுதியிருக்கிறது. கிடங்குக்காரர் அனுமதிக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டாராம், ஆனால் அந்த எழுத்தை மட்டும் அழிக்கக் கூடாதாம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆடி வெள்ளி. காலை நாலரைக்கே ஒலிபெருக்கி தொடங்கிவிட்டது. நண்பன் வீட்டில் ஃபேன் மூன்றில் வைத்தாலும் ஐந்தில் வைத்தாலும் ஒரே வேகம்தான். தூக்கம் போனதுதான் மிச்சம்.

வேப்பமரத்தடியில் நீலத் துணியைக் கட்டி, ஒரு குடை லைட்டும் ஒரு தெர்மாகோல் பலகையும் வைத்து ஸ்டூடியோ தயார் செய்தோம். நண்பன் மனசில் ஒரு திட்டம் இருந்தது. ஜேஆர் என்ற பிரெஞ்சுக் கலைஞர் 2011-ல் தொடங்கிய 'இன்சைட் அவுட்' மாதிரி, எல்லா முகமும் கறுப்பு வெள்ளையில், பெரிய காகிதத்தில், பசை போட்டுச் சுவரில். உலகம் முழுக்க ஊர் ஊராக அப்படி ஒட்டியிருக்கிறார்கள். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். எனக்கும் பிடித்திருந்தது.

முதல் நாலு படத்தை எடுத்து லேப்டாப்பில் காட்டினோம். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"கலர் எங்க?"

நண்பன் விளக்கினான். கலை, ஒளி, நிழல், முகத்தின் ரேகைகள். அவன் நன்றாகத்தான் பேசினான்.

"தம்பி, எங்க மூஞ்சி எப்போ சுவத்துல வரும் தெரியுமா? கண்ணீர் அஞ்சலிக்குத்தான். அதுவும் கறுப்பு வெள்ளைதான். உயிரோட இருக்கறப்பவே எனக்கு அஞ்சலி போஸ்டர் அடிக்கறியா நீ?"

அதற்கு மேல் பேச எதுவும் இல்லை. இருபது வருஷமாகப் படம் எடுக்கிறேன், எத்தனை அஞ்சலி போஸ்டருக்கு முகம் வெட்டிக் கொடுத்திருக்கிறேன், இது எனக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது. அரசியல்வாதி, ஹீரோ, காதுகுத்துக் குழந்தை எல்லாம் கலரில். செத்தவர் மட்டும் கறுப்பு வெள்ளையில், அல்லது கலர் படத்தையே நிறம் இறக்கி. நம் ஊர்ச் சுவரின் இலக்கணம் அதுதான்.

சரி, கலர்.

அப்புறம் பத்து மணியிலிருந்து நாலு மணிவரை நடந்ததை நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. பீரோவே இடம் மாறி வந்தது. பட்டு, நெட்டி மாலை, ரெண்டு சரம் மல்லிகை. கேட்டரிங் வேலை செய்கிற அக்கா, பிரியாணி அண்டாக் கரண்டியோடுதான் நிற்பேன் என்றார். சாப்பாடு டெலிவரிக்குப் போகிற ஒரு பெண் கம்பெனிச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, ஹெல்மெட்டை மட்டும் கையில் பிடித்துக்கொண்டாள். பரதம் கற்றுக்கொள்கிற இன்னொருத்தி, "நர்த்தகி அம்மா மாதிரி" என்று முத்திரை பிடித்தாள். 2019-ல் நர்த்தகி நடராஜ் பத்மஸ்ரீ வாங்கியபோது இந்த டீக்கடையில் எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்களாம். நர்த்தகி எங்கள் மதுரைக்காரர் என்று நான் சொன்னதும் எனக்குக் கொஞ்சம் மரியாதை கூடியது.

மூக்குத்தி அக்கா என்று நான் மனசுக்குள் பெயர் வைத்திருந்தவர் (ரெட்டை மூக்குத்தி) கைப்பையிலிருந்து ஒரு லேமினேட் அட்டையை எடுத்துக் காட்டினார். திருநங்கையர் நலவாரிய அட்டை. 2008-ல் வாரியம் வந்தபோது எடுத்ததாம். மூலை எல்லாம் மஞ்சளாகிவிட்டது.

"இதான் புடவையில எடுத்த மொதோ போட்டோ. கவர்மெண்டுக்காக எடுத்தது. அந்த போட்டோகிராபர் சிரிக்காதேன்னுட்டான். இப்ப நான் சிரிக்கலாமில்ல?"

சிரித்தார். பத்து படம் எடுத்தேன், பத்திலும் சிரிப்பு வேறு வேறு.

பதினாறு பேர் உட்கார்ந்தார்கள். சாயங்காலம் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். ஒருவருக்கு அக்கா மகளின் கல்யாணப் பேச்சு நடக்கிறது, மாப்பிள்ளை வீடு பெரம்பூர். "பஸ்ல போறப்ப பாத்துட்டாங்கன்னா?" என்றார். மற்ற இருவரும் காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவர்கள் கண் முன்னாலேயே கார்டிலிருந்து அழித்தேன். இன்னொரு பெண் முகம் வேண்டாம் என்றாள், ஆனால் விட்டுவிடவும் மனசில்லை. பின்னலும் பூவும் தெரிகிற மாதிரி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பதின்மூன்று படத்தில் எனக்குப் பிடித்தது அதுதான்.

மத்தியானச் சாப்பாடு ஓர் அக்கா வீட்டிலிருந்து வந்தது. கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. வாரம் முழுக்க நான் சாப்பிட்டதில் உருப்படியானது அது ஒன்றுதான். ஆடி வெள்ளியில் கருவாடா என்று நண்பனின் அம்மா போனில் கத்தினார்.

பதினாலாவது படம் ராத்திரி வந்தது. பெரியம்மா ஒரு டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அவருடைய குருவின் குரு, நானி என்கிறார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் இறந்துவிட்டார். இந்த மரத்தடியில் அம்மனை வைத்ததே அவர்தான். புரசைவாக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படம், பின்னால் பென்சிலில் 1986. பின்னணியில் வரைந்த ஊஞ்சல், பக்கத்தில் பூச்சாடி, கொஞ்சம் மிரண்ட பார்வை. குறுக்கே ஒரு மடிப்பு.

அதுவும் கறுப்பு வெள்ளை.

இறந்தபோது சொந்த ஊரில் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்களாம். சட்டை போட்ட பழைய படம், ஆண் பெயர். பெரியம்மா போய்ப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பி வந்திருக்கிறார். "இதுக்குக் கலர் வருமா கண்ணு?" என்று கேட்டார்.

என் அப்பா கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் தூரிகையால் கன்னச் சிவப்பு, உதட்டுச் சிவப்பு வைத்துக் கொடுத்த தலைமுறை. நான் மவுஸில் அதைச் செய்தேன். புடவை என்ன நிறம் என்று கேட்டதுதான் தப்பு. மயில் கழுத்து என்றார் ஒருவர். மாம்பழ மஞ்சள் என்றார் இன்னொருவர். அந்தப் புடவையை நான் கட்டியிருக்கிறேன், அது வாடாமல்லி என்றார் மூன்றாமவர். பன்னிரண்டு மணிவரை சண்டை. அதுவரை சும்மா இருந்த பெரியம்மா கடைசியில், "மஞ்சள். அரக்கு பார்டர். அன்னிக்கு நான்தான் மடிப்பு வெச்சிவிட்டேன்" என்றார். மாம்பழ மஞ்சள் வைத்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

இன்று எல்லாமே தப்பு.

அச்சடிக்க ராயப்பேட்டை போக வேண்டும். மூக்குத்தி அக்காவும் வந்தார். பஸ்ஸில் கண்டக்டர் அவருக்குக் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு 2021-ல் இலவசம் வந்தபோது திருநங்கைகளையும் சேர்த்தார்கள். "தம்பிக்கு மட்டும் டிக்கெட் போடுங்க சார், அவன் ஆம்பள, பாவம்" என்றார் அக்கா, பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற குரலில். கண்டக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சில்லறை கொடுத்தார். முன் சீட்டில் இருந்த ஒரு பாட்டி தள்ளி உட்கார்ந்து அக்காவுக்கு இடம் விட்டார். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய கல்லூரிப் பையன்கள் இடம் இருந்தும் பக்கத்தில் உட்காரவில்லை. நானும் நேற்று முன்தினம்வரை அந்தப் பையன்தானே.

கடையில் சதுர அடி 18 ரூபாய் என்றார்கள். மூன்றுக்கு நாலு அடி, பதினாலு படம், 3,024 ரூபாய். முதல் தாளை வாங்கி, எதற்கும் இருக்கட்டும் என்று தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். பிரியாணி அக்காவின் குங்குமம் நெற்றியிலிருந்து மூக்குவரை வழிந்தது. தண்ணீர் மை! பசை போட்டு ஒட்டப் போகிறோம், சால்வென்ட் மை வேண்டும் என்று நேற்றே போனில் மூன்று தடவை சொல்லியிருந்தேன். "சொன்னீங்களா சார்?" என்றார் கடைக்காரர். அந்த மெஷின் வேறு இடத்தில், ஆப்பரேட்டர் சாப்பிடப் போயிருக்கிறார், மூன்று மணி நேரம் ஆகும்.

அக்கா அலட்டிக்கொள்ளவே இல்லை. "வா, அத்தோ துன்னலாம்."

பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் பக்கம் போனோம். அறுபதுகளில் பர்மாவிலிருந்து திரும்பிவந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. கையாலேயே நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் பிசைந்து தட்டில் வைக்கிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப், அதை எத்தனை தடவை கேட்டாலும் ஊற்றுகிறார்கள். தட்டு 80 ரூபாய். முட்டையைக் கீறி வெங்காயம் அடைத்துக் கொடுப்பதை அக்கா ஐந்து சாப்பிட்டார், நான் இரண்டு. நின்றபடி சாப்பிட்டதில் என் சட்டை வீணானது. கடைப் பையன் அக்காவை 'மா' போட்டுப் பேசினான். என்னைக் கடைசிவரை கவனிக்கவே இல்லை.

தாள்கள் ஐந்து மணிக்குக் கிடைத்தன. ஆட்டோவில் வைத்துக்கொண்டு வந்தோம்.

சாயங்காலம் டீக்கடையில் நண்பன் ஒரு கதை சொன்னான். 1966 ஆகஸ்ட், சான் பிரான்சிஸ்கோ, டெண்டர்லாயின் என்ற பகுதி. டர்க் தெருவும் டெய்லர் தெருவும் சந்திக்கிற முனையில் காம்ப்டன்ஸ் கஃபடீரியா என்று ஒரு கடை, ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும். திருநங்கைகள் கூடுகிற இடம். ஒருநாள் போலீஸ்காரர் ஒருவர் ஒரு பெண்ணின் கையைப் பிடிக்க, அவள் கப்பில் இருந்த காபியை அவர் முகத்தில் வீசினாள். அப்புறம் தட்டு பறந்தது, ஜன்னல் கண்ணாடி உடைந்தது, சண்டை தெருவுக்கு வந்தது. எல்லோரும் பேசுகிற நியூயார்க் ஸ்டோன்வால் கலவரத்துக்கு மூன்று வருஷம் முந்தியது இது. 2006-ல் அந்த முனையில் நடைபாதையில் நினைவுக் கல் பதித்தார்கள். சுவரில் முகம் ஒட்டுகிற எண்ணமே தனக்கு அந்த முனையைப் பற்றிப் படித்தபோதுதான் வந்தது என்றான்.

எல்லோரும் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தார்கள். பெரியம்மா தன் கிளாஸைப் பார்த்தார். "நம்ம மாஸ்டர் டீய எவன் மூஞ்சில ஊத்தினாலும் ஒண்ணும் ஆவாது. அவ்ளோ ஆறிப்போயிருக்கும்."

மாஸ்டர் கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ராத்திரி பதினோரு மணிக்கு ஒட்ட ஆரம்பித்தோம். சினிமா போஸ்டர் ஒட்டுகிற அண்ணன் ஒருவரை நண்பன் பிடித்து வந்திருந்தான். கண்ணகி நகர் அடுக்குமாடிச் சுவர்களில் 2020-ல் இருந்து வரைந்திருக்கிற மாதிரி பெயிண்ட் அடிக்கலாமே என்று யாரோ கேட்டதற்கு, அண்ணன், "பெயிண்டுக்கு லட்சம், மைதாவுக்கு இருநூறு" என்று முடித்துவிட்டார். ஐந்து கிலோ மைதாவைக் கொதிநீரில் கிண்டினார், பளபளவென்று கூழாக வந்தது. "மயில்துத்தம் எங்க?" என்றார். யாரும் வாங்கவில்லை. "அது போடலைன்னா பூச்சி வரும், மாடு வரும்" என்று எச்சரித்துவிட்டு வேலையைத் தொடங்கினார். சுவரை நனைத்து, பசை பூசி, தாளை மேலிருந்து இறக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைப்பத்தால் தள்ள வேண்டும். ஓரத்திலிருந்து தள்ளினால் காற்று உள்ளே மாட்டி முகத்தில் கொப்புளம் வரும். நான் ஒட்டிய முதல் படத்தில் ஹெல்மெட் பெண்ணுக்குக் கன்னத்தில் கொழுக்கட்டை அளவுக்குக் கொப்புளம். அண்ணன் ஊசியால் குத்திச் சரிசெய்தார். 'விளம்பரம் செய்யாதீர்' எழுத்தை மறைக்காமல் சுற்றி ஒட்டினோம்.

பன்னிரண்டரைக்கு ரோந்து பைக் வந்தது. கான்ஸ்டபிள் ஹெட்லைட்டில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "என்ன படம் இது? எப்ப ரிலீஸ்?"

நண்பன் கடிதத்தை நீட்டினான். 1959-லேயே சுவரை அசிங்கப்படுத்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, தெரியுமா என்றார் அவர். தெரியும், அதனால்தான் கடிதம் என்றோம். பெரியம்மா நாற்காலியிலிருந்து எழாமலே, "எங்க பிரித்திகா யாஷினி 2017-லயே எஸ்.ஐ. ஆயிடுச்சு, தெரியுமா உனக்கு?" என்றார். "தெரியும்மா, நான் சல்யூட் அடிக்கற ரேங்க்தான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தபடி போனார். நல்ல மனுஷன்.

ஒரு மணிக்கு மழை பிடித்தது. தூறல் கிடையாது, நேரடியாகக் கொட்டல். மை கரையவில்லை, ஆனால் காயாத பசை வழுக்கியது. கடைசியாக ஒட்டிய இரண்டு படங்கள் மெதுவாகச் சறுக்கித் தரையைத் தொட்டன. ஆறேழு பேர் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, சுவரில் கை வைத்துத் தங்கள் முகங்களைத் தாங்களே பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதை எடுத்திருக்க வேண்டும். கேமராவைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மூட்டை கட்டி வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள், தெருவே சொம்போடு வந்தது. நானி படம் எல்லோருக்கும் மேலே, ஏணி வைத்து ஒட்டியது, ஒரு மடிப்புகூட இல்லாமல் நிற்கிறது. சறுக்கிய இரண்டையும் மறுபடி ஒட்டினோம்.

சொம்போடு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். சிலர் பார்க்காமல் போனார்கள். இஸ்திரிக் கடைக்காரர் ஒவ்வொரு படத்தையும் காட்டி மகனிடம் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார், அவருக்கு எல்லோருடைய பெயரும் தெரிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குப் பயந்த அக்கா தலையில் முந்தானை போட்டுக்கொண்டு வந்து நின்றார். வரிசையில் ஒரு இடைவெளி இருந்தது, நாங்கள் கணக்குத் தப்பி விட்டது. "அது எனக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வயிறு சரியில்லை. முட்டையா, கூழா, மழையா, தெரியவில்லை. ராத்திரி ரயிலில் மேல் பெர்த்.

ஆகஸ்ட் 5, செவ்வாய், மதுரை

காலையில் மூக்குத்தி அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். கீழ் வரிசையில் அவர் முகத்தில் மூக்குக்குக் கீழே ஒன்றும் இல்லை. மாடு. கூடவே ஒரு குரல் செய்தி: "தம்பி, அண்ணன் சொன்னாரு இல்ல, மயில்துத்தம்னு. மாடு என் சிரிப்பை மட்டும் துன்னுட்டுப் போயிருக்கு. வேற ஒண்ணு அனுப்பு. மூக்குத்தி நல்லா தெரியறதா பாரு."

ஒன்பது சிரிப்பு மிச்சம் இருந்தது. ஒன்றை எடுத்து ராயப்பேட்டைக் கடைக்கு அனுப்பினேன். சால்வென்ட் மை என்று இந்தத் தடவை எழுத்திலேயே போட்டேன். எத்தனை காப்பி என்று கேட்டார்கள்.

மாட்டுக்கும் சேர்த்து இரண்டு என்றேன்.